துணியை விட்டவன் வண்டியையும் விட்டான்

வா மாப்ளே, இப்புடி திண்ணையில உக்காரு. மொதல்ல அந்தச் சாவியைக் கீழ வையி. புதுசா வண்டி வாங்கினவன் கையில சாவி ஆடிக்கிட்டே இருந்தா காது அடைச்சுக்கும். நான் சொல்றது ஒண்ணும் உள்ள போவாது.

திருநள்ளாத்துக்கு வர்றவங்க நளதீர்த்தத்துல முங்கி எழுந்து, கட்டியிருந்த துணியை அங்கேயே கழட்டிப் போட்டுட்டுப் போவாங்க. துணியோட சனியும் தொலைஞ்சுதுன்னு நம்பிக்கை. ஒனக்கு இந்த வேனை வித்தானே ஒரு புண்ணியவான், அவன் துணியோட நிறுத்திக்கலே. கோயில் வாசல்ல ஒன் மூஞ்சியைப் பார்த்திருக்கான், வண்டியையும் சேர்த்து விட்டுட்டுப் போயிட்டான். சனியாவது ரெண்டரை வருசத்துல பேந்துடும்டா. இது பேராது. என்ன வண்டி, எந்தக் கம்பெனின்னு டீக்கடையில கேட்டாங்க. வாயைத் தொறக்கலே நான். பதிமூணு வருசத்துக்கு முன்னாடி கம்பெனிக்காரங்க நல்ல வண்டியாத்தான் வித்திருப்பாங்க. இப்ப நீ போயி வாங்கினதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க, பாவம்.

இதுல கட்டில் போடுவே, அடுப்பு வைப்பே, லடாக் வரைக்கும் போவே. அதானே? நேத்து நீ 'கேரவன்'னு சொன்னதைக் கேட்டுட்டு ஒங்க அத்தை ராத்திரி முழுக்கத் தூங்கலே. 'நம்ம பய சினிமாவுல நடிக்கப் போறானா'ங்குறா. அவளுக்குத் தெரிஞ்ச கேரவன் ஷூட்டிங்ல நடிகருங்க ஏசி போட்டு உக்காந்துருக்குற வண்டிதான். பாரீஸ்ல இருக்கிற ஒங்க சித்தப்பா மவன் இதையே 'காம்பிங் கார்'ங்குறான். எங்க அப்பாரு கூண்டு வண்டின்னாரு. பேருக்கா பஞ்சம்?

வண்டி பார்க்கத் தெரிஞ்சவன் நம்ம ஊருக்கு ஒருத்தன் வந்தான். வேற யாரு, நளன்தான். ராஜ்ஜியம் போயி, உருவம் மாறி, ரிதுபர்ண ராஜாகிட்ட வேலைக்குச் சேர்ந்தானே, என்ன வேலைன்னு நெனைச்சே? தேரும் ஓட்டணும், சமைக்கவும் செய்யணும். நீ இப்ப கெளம்புறியே, அதே ரெண்டு வேலை. விதர்ப்பத்துக்கு ஒரே நாள்ல போவணும்னு ராஜா சொன்னதும், நளன் லாயத்துல போயி மெலிஞ்ச குதிரையாப் பார்த்துப் பிடிச்சுட்டு வந்தான். ராஜாவுக்குக் கோவம். 'என்னய்யா, எலும்பும் தோலுமா இருக்கு'ன்னான். நளன் பார்த்தது சதையை இல்லே மாப்ளே, சுழியை. அப்புறம் தேர் போன வேகத்துல ராஜாவோட மேல்துண்டு பறந்துடுச்சு. எடுக்கணும்னு அவன் வாயைத் தொறக்குறதுக்குள்ள ஒரு யோசனை தூரம் தாண்டிட்டாங்க.

நீ என்ன பார்த்தே? பெயிண்ட்டைப் பார்த்தே. சுழி பார்க்கலே. பரவாயில்லே, இப்ப வா, பார்ப்போம். சீட்டு பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழு. அடியில மண்ணு வரி வரியாப் படிஞ்சிருந்தா, 2015 டிசம்பர்ல மெட்ராஸ் வெள்ளத்துல அது நீச்சல் கத்துக்கிட்டு வந்த வண்டி. விக்கிறவன் சீட்டைக் கழுவுவான், தரை விரிப்பை மாத்துவான், பெல்ட்டை எவனும் முழுசா இழுத்துக் கழுவ மாட்டான். அடுத்தாப்புல ஒரு காந்தத்தைக் கொண்டா. பாடியில தடவிக்கிட்டே போ. ஒட்டாம நழுவுற எடத்துல எல்லாம் இரும்பு இல்லே, பட்டிதான் இருக்கு. டிங்கரிங் பட்டறைக்காரன் பூசி வச்ச பட்டி. அப்புறம் கீழ படுத்து சுத்தியால சேஸைத் தட்டிப் பாரு. டங்குன்னா நல்லது. சொத்துன்னா ஒன் கதை முடிஞ்சுது. நம்ம ஊரு உப்புக் காத்துக்கு ஜன்னல் கம்பியே அஞ்சு வருசத்துல பொரிஞ்சு போவுது, கடலோரம் நின்ன வண்டிக்குக் கேக்கணுமா?

மீட்டர்ல எண்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்குன்னு சொன்னான்ங்குறே. கார்துங் லா தெரியுமில்லே, நீ போட்டோ எடுத்துக்கணும்னு துடிக்கிற அந்தக் கணவாய்? அங்க ரொம்ப நாளா போர்டுல 18,380 அடின்னு எழுதி வச்சிருந்தாங்க. அளந்து பார்த்தா 17,580 சொச்சம்தான். மலைக்கே மீட்டரை ஏத்தி வைக்கிற ஒலகத்துல, ஒன் வண்டிக்கு எறக்கி வைக்க மாட்டானா?

சரி, நாலு சக்கரமும் இழுக்கும்ங்குறே. நம்ம நாட்டுல அந்த மாதிரி வேன் அபூர்வம், ஒத்துக்குறேன். இலங்கையில ஜப்பான்லேர்ந்து எறங்கின பழைய டெலிகா, டவுன்ஏஸ்னு ஓடுது. ஆனா நம்ம காரைக்கால்ல அதை வச்சு எதுல ஏறப் போறே? காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடுன்னு பேருலதான் மேடு இருக்கு. ஜில்லா பூரா தேடினாலும் ஏத்தம்னு சொல்ல அரசலாத்துப் பாலத்தை விட்டா வேற இல்லே. அதுல ஒங்க அத்தை தயிர்ப்பானையோட ஏறுறா.

சிரிக்காதே. நாலு சக்கர இழுப்பு என்னன்னு இடத்தன், வலத்தன் ஓட்டினவனைக் கேளு. வண்டி வளையும்போது உள்பக்கத்து மாடு கொஞ்சமா நடக்கும், வெளிப்பக்கத்து மாடு வீசி நடக்கும். ரெண்டையும் ஒரே அடியா நட நடன்னு அடிச்சா நுகத்தடி முறியும். ஒன் வண்டியும் அதேதான். திரும்பும்போது முன் சக்கரம் சுத்துற வட்டம் பெரிசு, பின் சக்கரத்தோடது சின்னது. அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவுல டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில நாலு சக்கர கியரைப் போட்டுக்கிட்டுத் தார் ரோட்டுல போனீன்னா, முன்னும் பின்னும் ஒண்ணை ஒண்ணு முறுக்கிக்கிட்டு நிக்கும். சேறுன்னா சக்கரம் வழுக்கி அந்த முறுக்கு தீந்துடும். காய்ஞ்ச தார்ல தீர வழி இல்லே. டயர் தேயும், கடைசியில உள்ள எங்கயோ ஒரு பல்லு ஒடையும். ஊருக்குள்ள வர்றப்ப பெருமைக்கு அந்தக் குச்சியைத் தொடாதே. பிரேக்குக்கும் அது ஒதவாது. நாலு சக்கரமும் இழுக்குற வண்டின்னு நெனைச்சுக்கிட்டு மழையில வேகமாப் போறவன், எந்த வண்டிக்கும் நாலு சக்கரமும்தான் நிக்குதுங்குறதை மறந்துடுறான்.

நம்ம வயக்காட்டுக் களி வேற. டயர்ல இருக்குற பள்ளத்தை எல்லாம் அப்பி அடைச்சு, சக்கரத்தைக் கொழுக்கட்டை ஆக்கிடும். ரெண்டு சக்கரம் சுத்துற வண்டி ரெண்டு குழி தோண்டும், நாலும் சுத்துறது நாலு குழி தோண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். பவர் டில்லருக்கு ஏன் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுறோம்னு நெனைக்குறே? கடக்கரை மணல்ல எறக்குறதா இருந்தா டயர்ல காத்தைப் பாதியாக் கொறைச்சுட்டு எறக்கு. டயர் அகலமாப் படிஞ்சு மணல்மேல மெதக்கும். திரும்ப ரோட்டுக்கு வந்ததும் காத்து அடிக்க ஒரு பம்பு வண்டியிலேயே வச்சுக்க. மறந்துட்டீன்னா, கட்டுமரம் தள்ளுற நாலு பேரைக் கூப்பிட வேண்டியதுதான். அவங்க தள்ளுவாங்க, வாழ்நாள் பூரா சொல்லியும் காட்டுவாங்க.

இப்ப ஒன் சாமான் ஜாபிதாவைப் படி. நூறு லிட்டர் தண்ணித் தொட்டி, ஃபிரிட்ஜு, டிவி, ஏசி, அலமாரி, மேல கேரியர்ல கூடாரம், கக்கூஸ். ஏன்டா, ஆட்டுக்கல்லை விட்டுட்டே?

பாரம் ஏத்தத் தெரியுமாடா ஒனக்கு? வண்டியில முன்பாரம் ஆச்சுன்னா மாட்டுக் கழுத்து புண்ணாயிடும். பின்பாரம் ஆச்சுன்னா நுகத்தடி மேல எழும்பி மாட்டுத் தொண்டையைப் பிடிக்கும். நெல்லு மூட்டை ஏத்துறவன் ஏர்க்காலை ஒத்தை விரலால தூக்கிப் பார்ப்பான். லேசா எழும்பணும், அவ்வளவுதான். நூறு லிட்டர்னா நூறு கிலோ. அதைக் கொண்டுபோயி கடைசியில, பின் கதவை ஒட்டி வைக்கப் போறேங்குறே. முன் சக்கரம் லேசாயிடும், ஸ்டியரிங்கு ஒன் பேச்சைக் கேக்காது. தண்ணியைக் கீழ வையி, ரெண்டு அச்சுக்கும் நடுவுல வையி. கனமானது எல்லாம் தாழ்வா இருக்கட்டும். கேரியர்ல கூடாரம் ஏத்தினா மலை வளைவுல வண்டி கள்ளுக் குடிச்சவன் மாதிரி சாயும். வைக்கோல் போர் ஏத்தின வண்டி ஏன் வாய்க்காலுக்குள்ள கவுறுதுன்னு சின்ன வயசுல நீயே பார்த்திருக்கே. பார்த்துட்டுக் கைதட்டினே.

ஏசி கணக்கைச் சொல்லு. ரெண்டாவது பேட்டரி 100 ஆம்பியர்-அவர்னு வச்சுக்க, 12 வோல்ட்டு. பெருக்கினா 1,200 வாட்-அவர். பழைய ஈய பேட்டரியில பாதிக்கு மேல உறிஞ்சினா அது சீக்கிரம் செத்துப் போவும், அதனால 600தான் ஒன் சொத்து. ஆயிரம் வாட்டு ஏசி போட்டா அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல குளுகுளுன்னு இருக்கும். அதுக்கப்புறம் விடியுற வரைக்கும் தகர டப்பாவுல நீ வெந்துக்கிட்டுக் கெடப்பே. 25 வாட்டு ஃபேன் ஒண்ணு மாட்டு, எட்டு மணி நேரத்துக்கு 200தான் ஆவும். சோலார் பலகை ஒண்ணை மேல போட்டா பகல்ல அது திரும்பி வந்துடும். இஞ்சின் ஓடும்போது ரெண்டாவது பேட்டரி ஏறணும், நின்னதும் தனியா அறுந்துக்கணும். அதுக்குன்னு ஒரு ரிலே விக்கிறான், வாங்கி மாட்டு. இல்லேன்னா ராத்திரி ஃபேன்ல காத்து வாங்கிட்டுக் காலையில வண்டியைத் தள்ளுவே.

அதுவும் இந்தத் தகரம் இருக்கே, சித்திரை வெயில்ல இட்லிப் பானை. எங்க அப்பாரு வண்டிக்கு மூங்கில் பாயை வளைச்சுக் கூண்டு போட்டாரு, அது மூச்சு விடும். நீ உள்பக்கம் சூடு தடுக்குற ஷீட்டை ஒட்டி, மேல ஒரு காத்துப் போக்கியும் வைக்கணும். ஜன்னலுக்குக் கொசுவலை. இந்த ஊருக் கொசுவுக்குக் காரைக்கால், தமிழ்நாடுன்னு எல்லையே கெடையாது.

எங்க காலத்துல வேளாங்கண்ணிக்குப் போனோம். திருவாரூர் தேருக்குப் போனோம். சாயந்தரம் மாட்டைப் பூட்டினா விடியக்காலம் அங்க இருப்போம். கூண்டு வண்டிக்குள்ள வைக்கோலைக் கனமாப் பரப்பி அதுமேல ஜமுக்காளம். புளிசோறு, கூஜாத் தண்ணி, அச்சுக்குக் கீழ அரிக்கேன் விளக்கு ஆடிக்கிட்டே வரும். பொம்பளைங்க ஏழு பேரு, புள்ளைங்க கணக்கே இல்லே, அவ்வளவு பேரும் அதுக்குள்ளதான். போற வரைக்கும் அந்த வைக்கோல் எங்களுக்கு மெத்தை. போயி எறங்கினதும் மாட்டுக்குத் தீனி. திரும்பி வரும்போது மெத்தை இருக்காது, ஆனா தேர் பார்த்த அலுப்புல யாருக்கும் அது தெரியாது. ஒன் மெத்தையை எடுத்து டீசல் டேங்குல போட முடியுமாடா?

கக்கூஸ் சங்கதிக்கு வர்றேன். வீட்டுக்குள்ள கட்டக்கூடாதுன்னு கொல்லைக் கடைசியில, தென்னை மரம் தாண்டிக் கட்டின பரம்பரை நாம. நீ தலைமாட்டுலேர்ந்து மூணடியில வைக்கப் போறே. அதுக்கு ஒரு பெட்டி, ரொம்பினதும் அதை நீயே தூக்கிக்கிட்டுப் போயிக் கொட்டணும். ஒன் சட்டையை இதுவரைக்கும் நீ அலசியிருக்கியா மாப்ளே? பெட்ரோல் பங்கு இருக்கு, டோல்கேட்டு இருக்கு, நாமக்கல் லாரிக்காரன் காலம் பூரா அங்கதான் எறங்குறான். நீ கத்துக்கணும்னா அவன்கிட்ட கத்துக்க. கேபின் பக்கத்துப் பெட்டியைத் தொறந்தா அடுப்பு, அரிசி, மொளகாத்தூள், எல்லாம் அதுக்குள்ள. சமையல் வெளியில, படுக்கை உள்ள. திருச்செங்கோட்டு போர்வண்டிக்காரனும் அப்புடித்தான், வடநாட்டுப் பக்கம் போனா மாசக்கணக்குல லாரியிலேயே குடித்தனம். அவன் எவனும் 'நான் கேம்பர் கட்டியிருக்கேன்'னு சொல்லிக்கிட்டுத் திரியலே.

நீயும் அடுப்பை வெளியில வையி. மீன் கொழம்பு உள்ள வச்சீன்னா வாசனை அடுத்த சனிப் பெயர்ச்சி வரைக்கும் போவாது. அது மட்டும் இல்லே. சமையல் கேஸ் காத்தை விடக் கனம். கசிஞ்சா மேல போவாது, தரையில தண்ணி மாதிரி தேங்கி நிக்கும். சிலிண்டர் வைக்குற எடத்துல தரை மட்டத்துல வெளிய போவ ஓட்டை இருக்கணும்.

இதை மட்டும் நான் வெளையாட்டாச் சொல்லலே. 2024 டிசம்பர்ல கேரளா வடகரையில ரோட்டோரம் நின்னுது ஒரு கேரவன். உள்ள ரெண்டு பேரு செத்துக் கெடந்தாங்க. ஏசிக்கு ஓட்டின ஜெனரேட்டரோட புகை உள்ள புகுந்துடுச்சு. அந்தக் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லே, வாடையும் இல்லே. தூங்குறவன் தூங்கினபடியே போயிடுவான். இஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓட விட்டுட்டு ஒரு நாளும் படுக்காதே. அந்தப் புகையைக் கண்டு கத்துற சின்ன அலாரம் ஒண்ணு விக்குது. ஃபிரிட்ஜு வாங்க வச்சிருக்குற காசுல மொதல்ல அதை வாங்கு.

மூஞ்சியைத் தூக்கிக்காதே. வெத்தலை போடுறியா? வேணாமா, சரி.

அடுத்தது சர்க்காரு. 1988ஆம் வருசத்து மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. ஆர்.சி. புக்குல கம்பெனிக்காரன் சொன்னபடி என்ன இருக்கோ, அதுக்கு மாறா வண்டியை ஒன் இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது. 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிடுச்சு. கூரையை அறுத்து உசத்துறேன், சீட்டைப் பிடுங்கி எறியுறேன்னு கரூர்ல பஸ் பாடி கட்டுறவன் மாதிரி எறங்கிடாதே. மொதல்ல ஆர்.டி.ஓ. ஆபீசுல போயிக் கேளு. 'கேம்பர் வேன்'னு அவங்க பட்டியல்லேயே ஒரு வகை இருக்கு. எனக்குத் தெரிஞ்ச சட்டம் இது: ஆணி அடிச்சா மாற்றம், தூக்கி வச்சா சாமான். பெட்டி பெட்டியாச் செஞ்சு உள்ள வையி. வேணும்னா படுக்கை, வேணாம்னா தூக்கித் திண்ணையில போட்டுடலாம். இந்தச் சட்டத்தை ஆபீசர்கிட்ட என் பேரைச் சொல்லிக் கேக்காதே. அப்புறம் ரெண்டு வருசத்துல வண்டிக்கு 15 வருசம் முடியுது, எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்கணும், பொறவு அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை அதே கூத்து. டெல்லி பக்கம் போவாம சுத்திக்கிட்டுப் போ. பத்து வருசம் தாண்டின டீசல் வண்டியை அங்க கோர்ட்டு ஒரு சமயம் பிடிங்கும், ஒரு சமயம் விடுங்கும். நீ போற சமயம் எந்தச் சமயம்னு யாருக்குத் தெரியும்?

டெல்லியை விடு. நீ மொதல்ல வாஞ்சூர் எல்லையைத் தாண்டணுமே! நம்பர் பிளேட்டுல பி.ஒய். 02. காரைக்கால் வண்டி. உள்ள கட்டில், கட்டிலுக்கு அடியில பெட்டி, பெட்டிக்கு உள்ள பெட்டி, தரைக்குக் கீழ தொட்டி. அந்தப் பக்கம் நிக்கிற தமிழ்நாட்டு போலீஸ்காரர் என்ன நெனைப்பாரு? 'தம்பி ஊர் சுத்திப் பார்க்கப் போறாரு'ன்னா நெனைப்பாரு? 'எத்தனை பெட்டி சரக்கு'ன்னுதான் கேப்பாரு. தண்ணித் தொட்டியை மோந்து பார்ப்பாரு. வடக்க பூவத்துலயும் அதே கதை, மேக்க அம்பகரத்தூர் தாண்டினாலும் அதே கதை. நூத்தி அறுபது சதுர கிலோமீட்டர் ஊருல பொறந்தவனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் எல்லை. திரைச்சீலை போடாதே, கண்ணாடி வழியா எல்லாம் தெரியட்டும்.

வண்டியில ஒலகம் சுத்தினவன் கதை ஒண்ணு சொல்றேன், பிரெஞ்சுக்காரன் கதை. நம்ம ஊரு அவன் கொடிக்குக் கீழ இருந்த காலம். 1931 ஏப்ரல்ல சித்ரோயன் கம்பெனி ஆளுங்க, ஹார்ட்னு ஒரு தொரை தலைமையில, பெய்ரூத்லேர்ந்து பீக்கிங்குக்குக் கெளம்புனாங்க. முன்னால சக்கரம், பின்னால ரப்பர் பட்டை, எதுலயும் ஏறும்னு அவ்வளவு நம்பிக்கை. காஷ்மீர் தாண்டி கில்கிட் போற வழியில மலைப் பாதை சரிஞ்சு கெடந்துது. என்ன பண்ணுனாங்க? வண்டியைக் கழட்டுனாங்க. துண்டு துண்டாக் கூலியாள் தலையில ஏத்தி அந்தப் பக்கம் கொண்டுபோயி மறுபடி மாட்டுனாங்க. வண்டி ஆளைத் தூக்கினது போயி ஆளு வண்டியைத் தூக்கினான். கில்கிட்டுக்கு மேல அந்த வண்டிங்களை விட்டுட்டுக் குதிரையில போனாங்க. 1932 பிப்ரவரியில பீக்கிங் போயிச் சேர்ந்தாங்கங்குறது வேற விசயம். அதுக்கு எவ்வளவோ முன்னாடியே நம்ம காரைக்கால் அம்மா கைலாசத்துக்குத் தலையாலேயே நடந்து போயிட்டா. கழட்டுற வேலையும் இல்லே, மாட்டுற வேலையும் இல்லே. ஆனியில மாங்கனி எறைக்கிறப்ப மட்டும் அவளை நெனைச்சுக்கிட்டு, மத்த நாள்ல ஃபிரிட்ஜு எத்தனை லிட்டர்னு கேட்டுக்கிட்டு நிக்குறே.

இங்கேர்ந்து லே வரைக்கும் ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். குக்கரை மறக்காதே. அந்த ஒசரத்துல தண்ணி எண்பது சொச்சம் டிகிரியிலேயே கொதிச்சுடும், பானையில போட்ட அரிசி கொதிச்சுக்கிட்டே இருக்கும், வேவாது. நம்ம ஆளுக்குச் சோறு வேவலேன்னா மலை அழகு கண்ணுல தெரியாது.

ஆக, ஜாபிதாவுல அடிச்சுடு. ஃபிரிட்ஜு வேணாம், டிவி வேணாம், ஏசி வேணாம், கக்கூஸ் வேணாம், கேரியர் கூடாரம் வேணாம். அலமாரிக்குப் பதிலா ரெண்டு தகரப் பெட்டி. இப்ப பாரு, எடம் எவ்வளவு கெடக்கு! ரெண்டு படுக்கை தாராளமா. வலது பக்கப் பலகை ஒனக்கு, ஒன் ஒசரத்துக்கு ஆறேகால் அடி வச்சுக்க. இடது பக்கத்துது அஞ்சரை அடி போதும். பலகையை ஜன்னலை ஒட்டிப் போடு, அந்த ஜன்னல் நல்லாத் தொறக்கணும். யாருக்கா? என் ஒசரம் அஞ்சடி நாலு அங்குலம்டா. வெத்தலை போடுறவனுக்கு ஜன்னல் வேணுமா வேணாமா?

அந்தத் தூணுக்குப் பின்னால ஒரு பை இருக்கு பாரு. கம்பளி, குல்லா, வெத்தலைப் பெட்டி, ரெண்டு வேட்டி. சத்தம் போடாம எடுத்துட்டுப் போயி பலகை வர்ற எடத்துல வையி. ஒங்க அத்தை கேட்டா லடாக்குன்னு ஒளறிடாதே. ஒன் வண்டியில திருநள்ளாறு வரைக்கும் போயிட்டு வர்றேன்னு சொல்லி வச்சிருக்கேன்.